பன்னிரண்டு ரத்த அட்டைகள்

அண்ணாமலை நகர்
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இலக்கியா எழுதுகிறேன். சளி விட்டபாடில்லை, மற்றபடி சுகம். உன் தலைவலி தேவலையா? மாமா இப்போதாவது நேரத்துக்குச் சாப்பிட வருகிறாரா, இல்லை கடையிலேயே டீ குடித்துப் பொழுதை ஓட்டுகிறாரா?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒன்றரை மணி நேர பஸ், இதற்குப் போய்த் தபாலா என்று என் ரூம்மேட் சிரிக்கிறாள். போனில் நாம் 'சாப்பிட்டியா' என்று ஆரம்பித்து, சேரன் பெயர் வந்ததும் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? பதினாலு மாதமே இருந்த உன் பிள்ளை. வருகிற மாசியோடு போய் இரண்டு வருடம். எழுதினால் அழுகை வருவதில்லை என்று நீதான் சொன்னாய். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

காணும் பொங்கலன்று வீட்டுக்கு வந்த அத்தனை பேர் விரலையும் குத்தினேனே, இன்னும் யார் யார் திட்டுகிறார்கள்? ஆளுக்கு ஓர் அட்டை, நாலு சொட்டு, என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மாமா நாள் முழுக்க மோட்டார் காயில் கட்டுகிறவர், கரண்டுக்குப் பயப்படாதவர், அந்தத் துளியூண்டு ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்தச் சொட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டாய். காய்ந்த ரத்தத்திலிருந்து பொட்டளவு வெட்டி ஊறப்போடுவேன். மூளையில் சேர்கிற ஒரு கழிவை வெட்டித் தள்ளுவதற்கு நம் உடம்பில் ஓர் என்சைம் இருக்கிறது. அது ஏமாந்து வெட்டட்டும் என்று ஒரு போலிப் பொருளைக் கொடுப்பேன். வெட்டினால் கழன்று வரும் துண்டு, புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு என்சைம். மெஷின் அதை எண்ணாகச் சொல்லிவிடும். இந்த என்சைம் இல்லாமலே பிறக்கிற குழந்தைகளைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கான வேலை இது. அதற்கு முதலில் ஆரோக்கியமானவர்களுக்கு எவ்வளவு என்று தெரியவேண்டும். அந்த ஆரோக்கியமானவர்கள்தான் நீங்கள் எல்லோரும். பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவை மாத்திரையை ஒளித்து வைக்காமல் போடச் சொல்.

உன் அன்புத் தங்கை,
இலக்கியா


திருப்பாதிரிப்புலியூர்
6.2.2025

இலக்கிக்கு,

அக்காவின் ஆசிகள். சளிக்குக் கற்பூரவள்ளி இலையை மென்று தின்னு. அங்கே எந்தத் தொட்டியில் இருக்கிறது என்று கேட்காதே, தேடு. என் தலைவலி அப்படியேதான். மாமா மூன்று மணிக்குத்தான் சாப்பிட வருகிறார்.

அம்மா இன்னும் குத்துப்பட்ட விரலைத் தெருவில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள். "டாக்டர் பட்டம்னு சொன்னா, ரத்தம் உறிஞ்சறதுக்கா பட்டம் குடுக்குறாங்க?" என்கிறாள். விரல் பேச்சு முடிந்தால் அடுத்த பேச்சு என்னைப் பற்றி. "ரெண்டு வருசம் ஆவப்போவுது. இன்னும் எத்தினி நாளைக்கு இப்பிடியே இருப்ப? என் தம்பிக்கு ஒரு புள்ள வேணாமா?" தன் கூடப்பிறந்த தம்பிக்கே என்னைக் கட்டி வைத்தவள். அம்மாவும் அவளே, நாத்தனாரும் அவளே. நான் எந்தப் பக்கம் போய் முறையிட?

நீ எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அந்த என்சைம் சரியாக இருக்கிறதாமா என்று கேட்டார். இன்று காலையும் கேட்டார். நானும் சும்மாதான் கேட்கிறேன். அளந்ததும் எழுது.

நேரத்துக்குத் தூங்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

காயத்ரி


அண்ணாமலை நகர்
25.2.2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் எல்லோர் நலமும் அறிய ஆவல். சளி போய்விட்டது. உன் கற்பூரவள்ளிக்கு அதில் பங்கில்லை, தானாகவே போனது.

பதில் எழுத நாளாகிவிட்டது. முதலில் கரைசல் தீர்ந்தது, அப்புறம் மெஷினுக்கு விளக்கு மாற்றினார்கள். அளந்தேன். எங்கள் ஜெயராணி மேடம் (என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி, குரலை உயர்த்தாமலே அழவைக்கக் கூடியவர்) என் எண்கள் எதிர்பார்த்ததைவிடக் கீழே கிடக்கின்றன என்கிறார். அட்டைகளை வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்தேன் இல்லையா, வெயிலில் கெட்டிருக்கும். மறுபடி செய்யப்போகிறேன்.

நீ கேட்டதற்கு: அட்டையில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யாருடையது என்று நான் பார்க்கக் கூடாது. ஆராய்ச்சிக்கு வாங்கும் ரத்தத்தின் முடிவைக் கொடுத்தவர்களுக்குச் சொல்வதில்லை என்று நீ கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே இருக்கிறது. படிக்காமல் போட்டாயா?

ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை. வேறு விசேஷம் இல்லை.

இலக்கியா


திருப்பாதிரிப்புலியூர்
8.3.2025

இலக்கிக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருப்பதாகத் தெரியவில்லை, உன் கடிதம் எப்போதும் இருப்பதில் பாதிதான் இருக்கிறது.

தை மாதத்தில் என்ன வெயில்? பனிக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு விடிகாலை பஸ்ஸுக்குப் போனவள் நீ. மாமாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார்.

போன வாரம் சேரனுக்குத் திதி. அம்மா பால் பாயசம் வைத்தாள். அவனுக்குப் பாயசம் விழுங்கத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மாமா கடையைத் திறக்காமல் அன்று முழுக்க முற்றத்துக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அதில் ரிப்பேர் ஒன்றும் இல்லை.

விதிமுறையெல்லாம் எனக்கும் புரியும், படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் நம்பரைப் பார்க்கவில்லை என்று வேறு யாரிடமாவது சொல். சின்ன வயதில் என் டைரியைப் பூட்டை உடைத்துப் படித்தவள் நீ. எங்கள் இரண்டு பேர் அட்டையில் ஏதாவது இருந்தால் எழுது. இல்லையென்றால் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுது, போதும். எனக்கு அது வேண்டும்.

காயத்ரி


அண்ணாமலை நகர்
17.3.2025
(அனுப்பவில்லை)

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பார்த்தேன். அளந்த அன்றைக்கே பார்த்தேன். ஏழாம் நம்பர் நீ, எட்டாம் நம்பர் மாமா.

மூன்று தடவை திரும்பச் செய்தேன். ரத்தம் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதே பொட்டில் இன்னோர் என்சைமையும் அளப்போம். அது எல்லா அட்டையிலும் நன்றாக இருக்கிறது. வெயிலாவது ஒன்றாவது. ஹாஸ்டல் பெண்கள் எட்டுப் பேருக்கு அறுபதை ஒட்டி வருகிறது. நம் வீட்டுப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு முப்பதுதான்.

மேடம் தாளைப் பார்த்ததும், "இவுங்க எல்லாம் ஒரே குடும்பமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிற குடும்பத்துல பன்னண்டு பேரப் புடிச்சிட்டு வந்து, இதான் நார்மல்னு அளவு வெச்சிருக்கியேம்மா" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை அக்கா. பொங்கல் சாப்பிட வந்தவர்கள், சத்தம் போட்டுச் சிரிக்கிறவர்கள், நம் ஆட்கள். இவர்களைவிட ஆரோக்கியமானவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

பாதி இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நீயும் மாமாவும் நூறு வயது இருப்பீர்கள். ஆனால் பாதியும் பாதியும் சேர்ந்தால், பிறக்கிற பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு அந்த என்சைமே இல்லாமல் போகலாம். சேரனுக்கு நின்ற கழுத்து மறுபடி தொய்ந்ததும், பாத்திரம் விழுந்த சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டதும், கடைசியில் கண் தெரியாமல் நம்மைப் பார்க்காமலே போனதும் இதனால்தான் இருக்கும். தினமும் இதே நோயைப் படித்தும் அவனோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பிள்ளைக்கும் வரலாம். கருவிலேயே பார்த்துவிட முடியும். அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரியவேண்டும்.

அம்மாவும் பாதி. அவள் பார்த்து முடித்த கல்யாணம் இது. அவளுக்கு இதை யார் சொல்வது? நான் முழுசு, அறுபத்திரண்டு. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முறைப்படிதான் சொல்லவேண்டும், வேறு லேபில் உறுதி செய்யவேண்டும், மேலே நானே கேட்டு அனுமதி வாங்குகிறேன், அதுவரை நீயாகப் பேசாதே என்கிறார் மேடம். நான் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு


அண்ணாமலை நகர்
17.3.2025

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ஒன்றும் இல்லை அக்கா, கவலைப்படாதே.

வேலை ஜாஸ்தி. சித்திரைக்கு வர முடியாது. மாமாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

இலக்கியா


அண்ணாமலை நகர்
28.4.2025

அன்பு அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வெயில் தாங்க முடிகிறதா? அம்மா தண்ணீர் குடிக்கிறாளா?

நேற்று போன் செய்தேன், மாமா எடுத்தார். நீ தூங்குகிறாய் என்றார். மத்தியானம் பதினோரு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை. என் மேல் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுது.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மேடம் ஒரு கடிதம் தயார் செய்துகொண்டிருக்கிறார். அது வரட்டும். அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் நீங்களாக எதுவும் முடிவு செய்ய வேண்டாம். என்ன ஏது என்று கேட்காதே, விவரமாக எழுதுகிறேன்.

உடனே பதில் போடு.

இலக்கியா


திருப்பாதிரிப்புலியூர்
26.5.2025

இலக்கிக்குட்டிக்கு,

கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. வாந்தி! எட்டு வாரம். நீ போன் செய்த அன்றைக்குத்தான் வீட்டிலேயே டெஸ்ட் பண்ணிப் பார்த்திருந்தோம், எழுந்து உட்கார முடியவில்லை. நேற்று ஸ்கேனில் இதயத் துடிப்பைக் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

உன்னிடம் மறைத்த ஒன்றை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் சேரனைக் கடைசியாகப் பார்த்த டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். இந்த என்சைம் குறைவாக இருக்கலாம், டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். எடுப்பதற்குள் பிள்ளை போய்விட்டான். சீட்டை மாமா பர்சில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் நான்தானே கட்டி வைத்தேன் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடப்பாள். அதனால் உன்னிடமும் சொல்லவில்லை.

பொங்கலன்று நீ அட்டைகளைப் பரப்பி வைத்தாயே, அதன் மேல் அச்சடித்திருந்ததும் சீட்டில் இருந்த அதே என்சைம் பெயர். மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதனால்தான் அந்த மனிதர் ஊசிக்கு விரலை நீட்டினார். கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. நீயே பார்த்துச் சொல்லட்டும் என்று இருந்தோம்.

நீ எழுதிய அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தோம். "இலக்கியாவே மெசின்ல பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லுது, அப்பறம் என்னா பயம்?" என்றார். எத்தனையோ மாதம் கழித்து அன்று ராத்திரிதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

உன் அடுத்த கடிதத்தில் ஏதோ விவரம், முடிவு என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு மாப்பிள்ளை ஏதாவது பார்த்து வைத்திருக்கிறாயா? நேரில் வந்து சொல். வரும்போது நெல்லிக்காய் வாங்கி வா.

உன் அக்கா,
காயத்ரி


அண்ணாமலை நகர்
29.5.2025

அக்கா,

உன் கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறினேன். உன் தெருமுனை வரை வந்தேன். மளிகைக் கடை வாசலில் மாமா நெல்லிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். அவர் திரும்புவதற்குள் நான் திரும்பிவிட்டேன். இதைவிடக் கோழைத்தனமான காரியம் ஒன்றைத்தான் செய்திருக்கிறேன், அது மார்ச்சில்.

இதோடு இருக்கும் தாளைப் படி. அன்று எழுதி அனுப்பாமல் வைத்தது. பாதியில் நிற்கிறது, ஆனால் இருப்பது எல்லாம் உண்மை.

நீ ஒரு வரி கேட்டாய். நான் கொடுத்தது பொய். மேடம் மேல் பழி போட மாட்டேன். முறைப்படி சொல்லலாம் என்றுதான் அவர் சொன்னார், ஒன்றும் இல்லை என்று எழுதச் சொல்லவில்லை. அம்மாவை நினைத்தேன், உன்னை நினைத்தேன், எல்லாவற்றையும்விட உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று நினைத்தேன். அது முடியவில்லை.

இப்போது நேரம் இருக்கிறது. மேடமின் கடிதத்தை இணைத்திருக்கிறேன். சென்னையில் எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. முதலில் உங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் மறுபடி அளப்பார்கள். பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பிள்ளைக்கு அளப்பார்கள். நாலில் மூன்று பங்கு நல்லபடியாக இருக்கத்தான் வாய்ப்பு. அதையும் நான் சொல்லியாக வேண்டும், ஆனால் நான் சொல்லி நீ ஏன் நம்ப வேண்டும்?

பதில் வேண்டாம். போய் வாருங்கள்.

இலக்கியா


கடலூர்
7.6.2025

இலக்கியாவுக்கு மாமா கதிர்வேல் எழுதிக்கிறது.

எனக்கு உங்கள மாதிரி எழுத வராது. பேசுறாப்பலதான் வரும். உங்க அக்கா ரெண்டு லெட்டரையும் படிச்சிட்டு பீரோவுல வெச்சி பூட்டிட்டா. நீ போன் பண்ணப்ப எல்லாம் கட் பண்ணது அவ இல்ல, நான்தான்.

என் கடைக்கு ஒருத்தன் மோட்டார் கொண்டாரான்னு வெய்யி. காயில் எரிஞ்சி கெடக்குது. எனக்கு தெரியிது. அவன் மூஞ்சிய பாத்து சொல்ல மனசு வராம, ஒண்ணும் இல்ல ஓட்டுன்னு குடுத்தனுப்பினா நான் என்னா தொழில்காரன்? நீ எங்கள அப்பிடி அனுப்பிட்ட புள்ள. நான் உன்ன தூக்கி வளத்தவன். அதான் எனக்கு ஆற மாட்டேங்குது.

திங்கக்கெழம மெட்ராஸ் போறோம். உங்கம்மாகிட்ட ஸ்கேனுக்குன்னு சொல்லியிருக்குது. நீ வர வேணாம். வந்தா அவ ஒடஞ்சிடுவா. நெல்லிக்கா கடையில உன்ன நான் பாத்தேன். கூப்புடல.

உடம்ப பாத்துக்க.

கதிர்வேல்


திருப்பாதிரிப்புலியூர்
11.7.2025

இலக்கியாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

எங்கள் ரத்தம் நீ சொன்னபடியேதான். பிள்ளையின் ரிப்போர்ட் நேற்று வந்தது. அந்த டாக்டரம்மா நிதானமாகத்தான் பேசினார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. முடிவு செய்ய அடுத்த வாரம் வரை யோசியுங்கள் என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மாமா நம்பமாட்டேன் என்கிறார். "லேபுக்கு கொண்டு போற வழியில கெட்டுப் போயிருக்கும். இலக்கியாவே அப்பிடித்தான மொதல்ல நெனச்சிது" என்கிறார். நேற்றிலிருந்து இதையே நூறு தடவை சொல்லிவிட்டார்.

ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன். நீதான் இந்த எண்களோடு குடித்தனம் நடத்துகிறவள். படித்து உள்ளதைச் சொல். எனக்காக ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதே. உன்னோடு பேசுவதா வேண்டாமா என்று அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

காயத்ரி


பஸ்ஸில்
14.7.2025

அக்கா,

தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும். அதனால் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆலப்பாக்கம் தாண்டியாயிற்று. எழுத்து ஆடினால் ரோடு காரணம்.

ரிப்போர்ட்டை நான்கு தடவை படித்தேன். மேடமிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றையேதான் படித்தோம்.

ஆரோக்கியமான பிள்ளைக்கு இருக்க வேண்டிய என்சைமில் நூறில் ஒரு பங்குகூட உன் பிள்ளைக்கு இல்லை. தனித்தனியாக இரண்டு தடவை அளந்திருக்கிறார்கள். கூட அளந்த மற்ற என்சைம் சரியாக இருக்கிறது. மாமாவிடம் சொல், வழியில் எதுவும் கெடவில்லை. உன் ரத்தம் அதில் கலந்துவிட்டதா என்றும் பார்த்திருக்கிறார்கள், கலக்கவில்லை. தப்பு எங்கேயாவது இருக்குமா என்று தேடினேன் அக்கா. இல்லை.

சேரனுக்கு வந்ததுதான் இதற்கும் வரும். இன்றைக்கு இதற்கு மருந்து கிடையாது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உன்னுடைய முடிவு, மாமாவுடைய முடிவு. என்னைக் கேட்டால்தான் என் அபிப்பிராயத்தைச் சொல்வேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமென்றால் நான் சொல்கிறேன், நீ பக்கத்தில்கூட இருக்க வேண்டாம்.

கதவைத் திறந்தால் இதை உன் கையில் கொடுப்பேன். திறக்காவிட்டால் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். எப்படியானாலும் நீ படித்து முடிக்கும் வரை வாசலில்தான் இருப்பேன். இந்தத் தடவை திரும்பிப் போக மாட்டேன்.

இலக்கியா